பெரிய ஊனுண்ணி டைனோசர்கள், யாருக்கு யார் சொந்தம்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் புதைபடிமங்களைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பாதி பிள்ளைகள் கேட்டது, பாதி கூட வந்த அப்பா அம்மா கேட்டது. கறி தின்னும் பெரிய டைனோசர் என்றாலே எல்லோரும் ‘எது பெரிசு, சண்டை போட்டால் எது ஜெயிக்கும்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிட ‘யாருக்கு யார் சொந்தம்’ என்பதில்தான் பிடிப்பு அதிகம். அது பிடிபட்டுவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குத் தானாகப் பதில் கிடைத்துவிடும்.

டி. ரெக்ஸ், அலோசாரஸ், ஸ்பைனோசாரஸ் எல்லாம் ஒரே குடும்பம்தானே? பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றனவே?

ஒரே குடும்பம் இல்லை. மூன்றும் தெரோபாட் என்கிற பெரிய வம்சத்தில் வருபவை, அந்த அளவுக்குச் சரி. இரண்டு காலில் நடப்பது, முதுகெலும்புக்குள் காற்றறைகள் இருப்பது, நிலத்தில் பதிகிற மூன்று முக்கிய விரல்கள் என்று வம்சத்துக்கே பொதுவான அடையாளங்கள் மூன்றிலும் உண்டு. ஆனால் அந்த வம்சத்துக்குள் மூன்றும் எப்போதோ பிரிந்துபோன தனித்தனிக் கிளைகள். ஊரில் இரண்டு பேர் ஒரே உயரம், ஒரே ஆகிருதி என்பதற்காக அவர்களைப் பங்காளி என்று சொல்லிவிட மாட்டோம், தாத்தா யார் என்று விசாரிப்போம் இல்லையா, இங்கேயும் அதே விசாரணைதான் நடக்க வேண்டும். அப்படி விசாரித்துப் பார்த்தால் டி. ரெக்ஸுக்கு அலோசாரஸைவிடச் சிட்டுக்குருவிதான் நெருங்கிய சொந்தம்.

இது உடனே எல்லோருக்கும் விளங்கிவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெரிய ஊனுண்ணிகளை எல்லாம் கார்னோசார் என்று ஒரு பக்கமும், சிறியவற்றைச் சீலுரோசார் என்று இன்னொரு பக்கமும் பிரித்து வைத்திருந்தார்கள். உடல் அளவுதான் அந்தப் பிரிவினைக்கு அடிப்படை. எலும்பு எலும்பாக ஒப்பிட்டு, எந்தப் புது அம்சம் யார் யாருக்குப் பொதுவாக இருக்கிறது என்று கணக்கெடுக்கும் முறை வந்த பிறகு, 1990-களில் டைரனோசார்கள் (டி. ரெக்ஸும் அதன் குடும்பமும்) அந்தப் பெரியவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்து சிறியவர்கள் பக்கம் சேர்ந்தன. 1994-இல் தாமஸ் ஹோல்ட்ஸ் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பெரிய உடம்பு என்பது சொந்தத்துக்கு அடையாளமே இல்லை, அது பல கிளைகளில் தனித்தனியாக வந்தது.

அப்படியானால் பெரிய ஊனுண்ணிகள் எத்தனை கிளை?

நான் நான்காகப் பிரித்துச் சொல்வேன்.

முதல் கிளை செரட்டோசார்கள். இதில் நமக்கு வேண்டியவை அபெலிசாரிடுகள்: குட்டையான, உயரமான மண்டை, தடித்த நெற்றி, இருக்கிறதா இல்லையா என்று தேட வைக்கும் கை. அர்ஜென்டினாவின் கார்னோட்டாரஸ், மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ், நம் குஜராத்தின் ராஜாசாரஸ் மூன்றும் இந்தக் கிளைதான். தெற்குக் கண்டங்களில் ராஜ்ஜியம் நடத்தியவர்கள் இவர்கள்.

இரண்டாவது மெகலோசார் கிளை. 1824-இல் ஆக்ஸ்போர்டில் வில்லியம் பக்லேண்ட் விவரித்த மெகலோசாரஸ்தான் முறைப்படி பெயர் வைக்கப்பட்ட முதல் டைனோசர். ‘டைனோசர்’ என்கிற கூட்டத்துக்கே ரிச்சர்ட் ஓவன் பெயர் வைத்தது அதற்குப் பிறகு, 1842-இல். இந்தக் கிளையில்தான் ஸ்பைனோசாரஸும் வருகிறது. நீண்ட ஒடுங்கிய முகம், ரம்ப விளிம்பு இல்லாத கூம்புப் பற்கள், மீன் பிடிக்க ஏற்ற வாய். இதன் உறவான பாரியோனிக்ஸ் 1983-இல் இங்கிலாந்தில் ஒரு களிமண் குழியில் கிடைத்தபோது, வயிற்றுப் பகுதியில் அமிலத்தில் அரித்துப்போன மீன் செதில்களே இருந்தன. கூடவே ஒரு இளம் இகுவானோடான் என்கிற தாவர உண்ணியின் எலும்பும் இருந்தது, அதனால் மீன் மட்டுமே தின்றது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பைனோசாரஸின் கதை மனதை உலுக்கும். எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் கிடைத்த எலும்புகளை வைத்து 1915-இல் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் பெயர் சூட்டினார். மியூனிக் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த அந்த எலும்புகள் 1944 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சில் அழிந்துபோயின. பல பத்தாண்டுகளுக்கு மிஞ்சியது அவருடைய வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். பின்னர் மொராக்கோவில் கிடைத்த எலும்புகள் 2014-இலும், துடுப்பு போல அகன்ற வால் 2020-இலும் ஆய்வாக வெளிவந்தன. நீருக்குள் எவ்வளவு தூரம் நீந்தி வேட்டையாடியது என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது அலோசார் கிளை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்த அலோசாரஸ் இதில் பிரபலம். அதற்குப் பின்னால் வந்த கார்கரோடோன்டோசாரிடுகள் இன்னும் பெரியவை. ஆப்பிரிக்காவில் கார்கரோடோன்டோசாரஸ், வட அமெரிக்காவில் அக்ரோகாந்தோசாரஸ், அர்ஜென்டினாவில் ஜைகனோட்டோசாரஸும் மாபுசாரஸும்.

நான்காவது சீலுரோசார்கள். டைரனோசார்கள், நெருப்புக்கோழி உருவத்தில் ஓடிய ஆர்னிதோமிமிடுகள், வெலோசிராப்டர் கூட்டம், அப்புறம் இன்று நம் கூரையில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் எல்லாம் இந்தக் கிளை.

டி. ரெக்ஸின் மூதாதைகளும் அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தனவா?

இல்லை, எனக்கு மிகப் பிடித்த பகுதியே இதுதான். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் கிடைத்து 2006-இல் பெயர் பெற்ற குவான்லாங், ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைரனோசார். மூன்று மீட்டர் நீளம், தலையில் மெல்லிய எலும்புக் கொண்டை, நல்ல நீளமான கை, கையில் மூன்று விரல். டி. ரெக்ஸ் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் சொந்தம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மேல்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். மற்ற ஊனுண்ணிகளின் முன்பற்கள் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும்போது, குவான்லாங்கின் முன்பற்களைக் குறுக்கே வெட்டினால் பின்பக்கம் தட்டையாகவும் முன்பக்கம் வளைவாகவும் இருக்கும், அதோடு அவை பக்கப் பற்களைவிடச் சிறியவை. இதே அமைப்புதான் ஒன்பது கோடி ஆண்டுகள் கழித்து வந்த டி. ரெக்ஸின் வாயிலும் இருக்கிறது. மூக்கின் மேல் எலும்புகள் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டதும் இரண்டுக்கும் பொது. உடம்பு அளவு மாறும், கை சுருங்கும், கொண்டை போய்விடும், இந்த மாதிரிச் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பல கோடி ஆண்டுகள் டைரனோசார்கள் பெரும்பாலும் சிறிய, நடுத்தர விலங்குகளாகவே இருந்தன, பெரிய வேட்டைக்காரன் பதவி அலோசார் கிளையிடம் இருந்தது. சீனாவின் யூட்டிரானஸ் மாதிரி ஒன்பது மீட்டர் வளர்ந்த விதிவிலக்கு உண்டு (2012-இல் பெயர் பெற்றது, உடம்பில் நீளமான இழை இறகுகளோடு கிடைத்தது). வடக்குக் கண்டங்களில் அலோசார் கிளை மறைந்த பிறகுதான் டைரனோசார்கள் அந்த இடத்துக்கு வந்தன. உஸ்பெகிஸ்தானில் கிடைத்து 2016-இல் பெயர் வைத்த திமுர்லெங்கியா சுமார் ஒன்பது கோடி ஆண்டுகள் பழையது, குதிரை அளவுதான், ஆனால் மூளையும் உள்காதும் ஏற்கெனவே டி. ரெக்ஸ் பாணியில் இருந்தன. முதலில் மூளையும் புலன்களும் கூர்மையாகின, உடம்பு பிறகு பெருத்தது என்று அதை வைத்துச் சொல்கிறார்கள்.

டி. ரெக்ஸுக்கு மிக நெருங்கிய பங்காளி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் மங்கோலியாவின் டார்போசாரஸைக் காட்டுவேன்.

நாம் சாப்பிடும் கோழி டி. ரெக்ஸின் வாரிசு என்கிறார்களே, உண்மையா?

வாரிசு இல்லை, உறவு. டி. ரெக்ஸுக்கு இன்று நேரடிச் சந்ததி யாரும் கிடையாது, அந்த வம்சம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. பறவைகள் சீலுரோசார்களின் வேறொரு கிளையில், வெலோசிராப்டர் கூட்டத்துக்குப் பக்கத்தில், ஜுராசிக் காலத்திலேயே பிரிந்து வந்தவை. 1861-இல் ஜெர்மனியில் பெயர் பெற்ற ஆதிப் பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸ் டி. ரெக்ஸைவிட எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அதனால் டி. ரெக்ஸ் வாழ்ந்த காட்டிலேயே பறவைகள் பறந்துகொண்டிருந்தன.

உறவு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க அருங்காட்சியகம் வேண்டாம். வீட்டில் முழு நாட்டுக்கோழி வாங்கினால் கறிக்கடைக்காரரிடம் நெஞ்சுப் பகுதியை வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில், சதைக்குள், இரண்டு மெல்லிய எலும்புகள் கீழே ஒரு முனையில் சேர்ந்து ஒரே எலும்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் லேசாக வளைந்து திரும்பும். நமக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கும் காரை எலும்புகள் அங்கே ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன. அதே கவை எலும்பு டி. ரெக்ஸுக்கும் உண்டு, அலோசாரஸுக்கும் உண்டு. அப்புறம் காலைப் பாருங்கள். கோழிக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள், அது முழங்கால் இல்லை, கணுக்கால். அதற்குக் கீழே செதில் மூடிய நீளமான குச்சிப் பகுதி முழுக்கப் பாதம். கோழி விரல்களை மட்டும் ஊன்றி நடக்கிறது. டி. ரெக்ஸும் அப்படித்தான் நடந்தது. மழை பெய்த மறுநாள் மலையடிவாரத்து ஈர மண்ணில் மயில் நடந்த தடம் கிடைத்தால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள், மூன்று விரல் முன்னே அழுத்தமாகப் பதிந்திருக்கும். தெரோபாட் காலடித் தடங்களும் அளவில்தான் வேறு.

இறகு? டைரனோசார் குடும்பத்தின் ஆரம்பக் கிளைகளில் (திலாங், யூட்டிரானஸ்) இறகு இருந்ததற்கு நேரடிச் சான்று இருக்கிறது. டி. ரெக்ஸிடம் கிடைத்த தோல் பதிவுகளில் சிறிய செதில்கள்தான் தெரிகின்றன.

முதலையும் உடும்பும்தானே டைனோசர் மாதிரி இருக்கின்றன?

ஒகேனக்கல் போய் முதலையைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். முதலை உறவுதான், தூரத்து உறவு. முதலைகளும் டைனோசர்களும் ஆர்க்கோசார் என்கிற ஒரே மூல வம்சத்திலிருந்து டிரையாசிக் காலத்தில் இரண்டாகப் பிரிந்தவை. அதனால் முதலைக்கு உடும்பைவிடக் காக்கை நெருக்கமான சொந்தம்! இதயத்தில் நான்கு அறை, தாடைக் குழிக்குள் பொருந்திய பல் என்று முதலையிடம் அந்த மூல வம்சத்தின் அடையாளங்கள் இன்றும் இருக்கின்றன. உடும்பு, ஓணான், பச்சோந்தி, பாம்பு எல்லாம் முற்றிலும் வேறு வம்சம்.

எலும்பைப் பார்த்து உறவை எப்படிச் சொல்கிறார்கள்? தவறிப்போகாதா?

தவறிப்போகும், பலமுறை போயிருக்கிறது. பொதுவான விதி ஒன்று: பழைய அம்சத்தை வைத்து உறவு சொல்லக் கூடாது, புதிதாக வந்த அம்சத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ‘இரண்டுக்கும் கூரான பல் இருக்கிறது’ என்பதில் பயனில்லை, கூரான பல் அவற்றின் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து. குவான்லாங்கின் முன்பல் மாதிரி ஒரு கூட்டத்தில் மட்டும் புதிதாக முளைத்த மாற்றம்தான் சாட்சி.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி எலும்பை இருவேறு கிளைகளில் தனித்தனியாக உண்டாக்கும். டைரனோசார்களின் பாதத்தில் மூன்று நீண்ட எலும்புகள் இருக்கும், அதில் நடு எலும்பு மேல்பக்கம் இரண்டு பக்க எலும்புகளுக்கு நடுவே நசுங்கி ஒல்லியாகிவிடும். ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு என்கிறார்கள். இதே அமைப்பு ஆர்னிதோமிமிடுகளிடமும், ட்ரூடோன்டிட் என்கிற சிறிய டைனோசர்களிடமும் இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் நம்பினால் மூன்றையும் உடன்பிறப்பு என்று எழுதிவிடுவோம். அதனால்தான் நூற்றுக்கணக்கான அம்சங்களை அட்டவணை போட்டு, எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள்.

எல்லாப் பெரிய ஊனுண்ணிக்கும் ஏன் கை சின்னது?

எல்லாவற்றுக்கும் இல்லை. ஸ்பைனோசார் கூட்டத்துக்கும் அலோசாரஸுக்கும் உருப்படியான கை உண்டு, பாரியோனிக்ஸின் கட்டைவிரல் நகம் பயங்கரமானது. கை சுருங்கியது மூன்று கிளைகளில், தனித்தனியாக: அபெலிசாரிடுகள், கார்கரோடோன்டோசாரிடுகள், டைரனோசார்கள். கார்னோட்டாரஸின் முன்கை இல்லாதது போலவே இருக்கும், டி. ரெக்ஸின் கை அதற்குப் பக்கத்தில் தாராளம் (12 மீட்டர் உடம்பில் ஒரு மீட்டர் கை). 2022-இல் அர்ஜென்டினாவிலிருந்து வெளிவந்த மெராக்ஸிஸ், கார்கரோடோன்டோசாரிடுகளின் கையும் இப்படிச் சுருங்கியதைத் தெளிவாகக் காட்டியது. மூன்றிலும் தலை பெருத்து, கடிப்பதே முழு வேலையாகிவிட்டது. கைக்கு வேலை குறைந்தது என்பது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ‘சின்னக் கை இருந்தால் டி. ரெக்ஸ் சொந்தம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, எதுதான் பெரிசு? எது ஜெயிக்கும்?

நீளத்தில் ஸ்பைனோசாரஸ், சுமார் 14 மீட்டர். எடையில் டி. ரெக்ஸ், பெரிய ஆட்கள் எட்டு டன்னைத் தாண்டும். ஜைகனோட்டோசாரஸ் இரண்டிலும் பக்கத்தில் வரும். 1990-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த ‘சூ’ என்கிற டி. ரெக்ஸ் 12.3 மீட்டர், 1997-இல் ஏலத்தில் 83.6 லட்சம் டாலருக்குப் போய் இப்போது சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சண்டை நடக்க வாய்ப்பே இல்லை, ஜைகனோட்டோசாரஸ் மூன்று கோடி ஆண்டுகள் முந்தியது, வேறு கண்டம். வேட்டை முறையும் வேறு. கார்கரோடோன்டோசாரிடுகளின் பல் தட்டையான கத்தி, சதையை அறுத்து இரத்தம் வடிய விடும். டி. ரெக்ஸின் பல் தடித்த ஆப்பு, எலும்போடு சேர்த்து நொறுக்கும். கனடாவின் சஸ்காச்செவனில் கிடைத்து 1998-இல் விவரிக்கப்பட்ட ஒரு பெரிய புதைபடிமச் சாணத்தில், பொடிப்பொடியான எலும்புத் துண்டுகள் நிறைந்திருந்தன. அந்த நிலத்தில் அந்த அளவுக்குச் சாணம் போடக்கூடிய ஊனுண்ணி டி. ரெக்ஸ் ஒன்றுதான்.

ஏற்காட்டு மலையில் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

கிடைக்காது. உறுதியாகச் சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறையில் புதிதாக உடைந்த முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். வெளியே மழையில் நனைந்து பழுப்பேறியிருக்கும், உள்ளே கரும்பச்சை கலந்த சாம்பல், எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு, நடுவில் நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் மணிகள். இதுதான் சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் உருவான பாறை. முதல் டைனோசர்கள் வந்ததே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எலும்பு புதைந்து படிமமாக வேண்டுமென்றால் ஆற்று மணலோ, ஏரிச் சேறோ, கடல் வண்டலோ படிந்து மெல்ல இறுகிய பாறை வேண்டும்.

சேர்வராயன் கோயில் பக்கம் மலை உச்சியில் இருக்கும் பாக்சைட்டும் உதவாது, அது இதே பாறை வெயிலிலும் மழையிலும் மக்கி உண்டானது. கஞ்சமலை இரும்புக்கல்லும் அதே பழங்காலத்துச் சரக்கு. கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல்லைத்தான் எலும்பு என்று நினைத்து அதிகம் எடுத்து வருகிறார்கள். வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக, உடைந்த மூட்டு மாதிரியே தெரியும், நம்பத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அது மேக்னசைட், அடியிலிருக்கும் கரும்பாறையின் விரிசல்களில் ஊறிப் படிந்த கனிமம்.

டைனோசர்கள் இந்த நிலத்தின் மேல் நடக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்து மண் இங்கே தங்கவில்லை, அவ்வளவுதான். மேற்கே இருந்த மேட்டு நிலத்திலிருந்து அரித்துப் போன மணலும் சேறும் கிழக்கே கடலோரத்தில் போய்ப் படிந்தன. அந்தப் படிவுதான் இன்றைய அரியலூர், பெரம்பலூர்.

அப்போ அரியலூரில் பெரிய ஊனுண்ணி கிடைத்ததா?

கிடைத்ததாக 1987-இல் எழுதப்பட்டது. அரியலூருக்குப் பக்கத்தில் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்கிற இரு புவியியலாளர்கள் பிருகத்காயோசாரஸ் மேட்லி என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அவர்கள் அதை வகைப்படுத்தியது கார்னோசாராக, அதாவது பெரிய ஊனுண்ணியாக. அது உண்மையாக இருந்தால் டி. ரெக்ஸ் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. பிறகு வந்தவர்கள் எலும்பின் வடிவத்தைப் பார்த்து, இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியான சாரோபாட் என்று திருத்தினார்கள், உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்றும் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் ஈரத்தில் உதிர்ந்து அழிந்துபோய்விட்டன. இன்று கையில் இருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். ஸ்பைனோசாரஸின் கதை நம் ஊரிலும் நடந்திருக்கிறது, குண்டு எதுவும் விழாமலேயே. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உண்மையான ஊனுண்ணிக் கிளைக்கும் கல்லமேட்டில் சான்று உண்டு, ஆனால் சின்னது. 2013-இல் அங்கே கிடைத்த ஒரு ட்ரூடோன்டிட் பல் ஆய்வாக வெளிவந்தது. அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த கூட்டம் தமிழ்நாட்டு மண்ணில்!

முட்டைகளைப் பற்றியும் கேட்பார்கள். 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் நூற்றுக்கணக்கில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக அறிவித்தார்கள், அப்போது நம் ஊர் முழுக்க அதே பேச்சு. முட்டையை மட்டும் வைத்து எந்த டைனோசர் இட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது, உள்ளே கரு எலும்பு இருந்தால்தான் உறுதி. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய முட்டைகள் கிடைத்தன என்று பரவியது வேறு விஷயம், அவை அம்மோனைட் என்கிற கடல் உயிரியைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைக் கற்கள்.

இந்தியாவின் ராஜா யார்? டி. ரெக்ஸ் இங்கே இருந்ததா?

டி. ரெக்ஸ் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், 6.8 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மட்டும் வாழ்ந்தது. அந்தச் சமயம் இந்தியா கடல் நடுவே தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, ஆசியாவின் டைரனோசார்கள் இங்கே வர வழியே இல்லை.

இங்கே ஆண்டவை அபெலிசாரிடுகள். ராஜாசாரஸ் நர்மதென்சிஸின் எலும்புகளை 1980-களின் தொடக்கத்தில் குஜராத்தின் ரையோலி கிராமத்துப் பக்கம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சேகரித்தார்கள். 2003-இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பெயர் சூட்டினார்கள். நெற்றியில் தாழ்வான ஒற்றைக் கொம்பு, கட்டுமஸ்தான கால். அதற்கு வெகுகாலம் முன்பே ஜபல்பூரில் சார்லஸ் மேட்லி என்கிற புவியியலாளர் தோண்டியெடுத்த எலும்புகளிலிருந்து 1933-இல் இந்தோசூக்கஸ், இந்தோசாரஸ் என்று பெயர்கள் வந்தன. அன்றைக்கு அவற்றை அலோசாரஸ் மாதிரிக் கூட்டங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள், அபெலிசாரிட் என்கிற கூட்டமே 1985-இல் அர்ஜென்டினாவில் ஹோசே பொனபார்ட்டேயும் நோவாஸும் அடையாளம் கண்ட பிறகுதான் இவற்றின் சொந்த வீடு தெரிந்தது.

ராஜாசாரஸின் நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ். இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த நிலங்கள், அவை ஒட்டியிருந்த காலத்து உறவு இரண்டின் எலும்பிலும் தெரிகிறது. குடும்ப மரத்தைப் படித்தால் கண்டங்கள் நகர்ந்த கதையும் சேர்ந்தே வரும்.

இந்தக் குடும்ப மரம் இனி மாறாதா?

மாறும். தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் மெகராப்டர்கள், கையில் பெரிய நகம் உள்ளவை, அலோசார் பக்கமா டைரனோசார் பக்கமா என்பதில் இன்றும் வழக்கு நடக்கிறது. 2017-இல் மேத்யூ பேரனும் கூட்டாளிகளும், தெரோபாடுகள் சாரோபாடுகளைவிட, பறவை போன்ற இடுப்பெலும்பு உள்ள தாவர உண்ணி டைனோசர்களுக்கே நெருக்கம் என்று சொல்லி, 1880-களிலிருந்து இருந்த அடிப்படைப் பிரிவினையையே ஆட்டிப் பார்த்தார்கள், பலர் ஏற்கவில்லை. நானோடைரனஸ் என்கிற சிறிய விலங்கு தனி இனமா, இளம் டி. ரெக்ஸா என்று பல பத்தாண்டுகள் சண்டை. பெரும்பாலோர் இளம் டி. ரெக்ஸ்தான் என்று தீர்மானித்திருந்த நிலையில், 2025-இல் வந்த ஆய்வு எலும்பின் வளர்ச்சியைக் காட்டி, தனி இனம்தான் என்று வாதிட்டது. ஆனால் டி. ரெக்ஸ் சீலுரோசார் பக்கம் என்பது இத்தனை ஆண்டுகளில் அசையவில்லை.

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் போங்கள், அங்கே 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் படுத்திருக்கிறது. அப்படியே அரியலூர் வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம். பெரும்பாலும் கடல் உயிரிகள்தான், ஆனால் எப்படிப்பட்ட பாறையில் என்ன கிடைக்கும் என்பது பிள்ளைகளுக்குக் கண்ணால் புரியும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், ஆழம் அதிகம், வெடி வைக்கிற இடம். ராஜாசாரஸைப் பார்க்க வேண்டுமென்றால் குஜராத் போக வேண்டும், ரையோலியிலேயே 2019-இல் திறந்த டைனோசர் அருங்காட்சியகம் இருக்கிறது.

பையன் ஒரு கல்லைக் கொண்டுவந்து எலும்பு என்கிறான், என்ன செய்வது?

கழுவித் தேய்க்காதீர்கள். உடைந்த முகம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், எலும்பென்றால் வெளியே கெட்டியாகவும் உள்ளே நுண்ணிய துளைகளாகவும் தெரியும். எந்த ஊர், எந்த ஓடை, எந்த மண்ணில் கிடைத்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இடம் தெரியாத எலும்புக்கு ஆய்வில் பாதி மதிப்பு போய்விடும். மண்ணில் இன்னும் பதிந்திருந்தால் பிடுங்க வேண்டாம், படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையிலோ அரியலூர் அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். ஏற்காட்டிலோ கருப்பூரிலோ எடுத்ததென்றால் அது எலும்பாக இருக்காது, கருப்பூர்க் கல் பெரும்பாலும் வெள்ளைக்கல்லாகத்தான் இருக்கும், அதையும் பையனிடம் ஏன் என்று விளக்கிச் சொல்லுங்கள்.